ஓஸெல் வரும்வரை

இடிக்கவிருந்த ஸ்கேட்டிங் கூடத்தில்
அறுபத்தொன்றாம் எண் பெட்டகம்.
உள்ளே சக்கரக் காலணிகள் ஒன்பது,
ஒன்பதும் இடதுகால்.
அடியில் எண்ணெய்த் தாளில் சுற்றிய
பதினேழு வாத்தியங்களின் இசை.
வெர்னெல் ஸ்டோக்ஸ், பஃபலோ, 1938.
முழுப்பிரதி இல்லை, தனித்தனிக் கட்டுகள்.
மூன்றாம் ட்ராம்போனை எலி தின்றிருந்தது.

படியெடுக்கும் வேலை எனக்கு வந்தது,
மணிக்கு இருபத்திரண்டு டாலர்.
கண்ணெரிச்சலுக்குத் தனியாக ஒன்றும் கிடையாது.

கோழிக் கிறுக்கல் இல்லை அவள் எழுத்து.
அவசரக்காரியின் நேர்த்தி.
சுரத் தலைகள் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து
பேருந்தைப் பிடிக்க ஓடுகின்றன.
புள்ளி வைத்தால் எழுத்து அரையாகும்,
சுரமோ ஒன்றரையாகும்.
தாராளமாக வைத்திருந்தாள் புள்ளிகளை.
சிலவற்றை வைத்தது ஈ.
எது யாருடையது என்று
பூதக்கண்ணாடியோடு போனது பிப்ரவரி.

மூன்றாம் பகுதி, நூற்றுப் பன்னிரண்டாம் தாளக்கோடு.
மிஞ்சிய பதினாறு கட்டுகளிலும்,
வெவ்வேறு கைகளில், வெவ்வேறு பென்சில்களில்:
ஓஸெலுக்காகக் காத்திரு.

யார் ஓஸெல்?
ஒத்திகையில் ஆளுக்கொரு ஓஸெல்.
மாவு ஆலையில் இரவுப்பணி முடித்து
ஓடிவர வேண்டிய டிரம்ஸ்காரன்
என்றார் டியூபா வாசிக்கும் கொலாசா.
அவர் அப்பா அந்த ஆலையில் மூட்டை தைத்தவர்.
பாடகி, என்றாள் பியானோக்காரி.
கடன் கொடுத்தவன், என்றது பாரிடோன் சாக்ஸ்,
அவன் முகம் தெரிந்ததும்
எல்லோரும் பின்வாசலால் ஓட வேண்டும்.

இமோஜின் ராட்லிஃப் கோலைக் கீழே வைத்தாள்.
"எழுதியிருக்கிறது. காத்திருப்போம்.
நான் தலையசைக்கும்வரை."
"எப்போது அசைப்பீர்கள்?"
"தெரியாது."

கச்சேரியன்று ஏரியிலிருந்து பனி.
அறுநூறு நாற்காலிக்கு இருநூற்று நாற்பது பேர்,
நனைந்த கம்பளிக் கோட்டு வாடை.
சாக்ஸபோன்கள்
கப்பலிலிருந்து கிடங்குக்குக் கோதுமை சரிவதுபோல்
நிற்காமல் சரிந்தன.
கழிவறை அடைப்பெடுக்கும் ரப்பர்க் கிண்ணத்தால்
வாய் பொத்திய ட்ரம்பெட்
பொத்தப் பொத்தப் பேசியது.
நான்கு வயலின்களும் அதை நம்பவில்லை.
எலி தின்றதை நான்தான் இட்டுக்கட்டியிருந்தேன்.
யாருக்கும் தெரியவில்லை.
எனக்கு மட்டும், வாய்க்குள் பொய்ப்பல்லாக,
கொஞ்சம் கூடுதல் வெள்ளையில் கேட்டது.

பிறகு அந்தக் கோடு.
நின்றார்கள்.
சுவரோரச் சூட்டுக்குழாய் இருமுறை தட்டியது.
கொலாசா வாசலைப் பார்த்தார், நிஜமாகவே.
மேல்மாடத்தில் ஒருவர்
முடிந்துவிட்டது என்று கைதட்ட,
கூடமே தட்டியது,
எழுந்து நின்றும் சிலர்.
இமோஜினின் முதுகு திரும்பவில்லை.
கைகளுக்குச் சந்தேகம் வந்தது,
வெட்கம் வந்தது,
வரிசை வரிசையாக மடியில் இறங்கின.
எங்கோ தூங்கி விழித்த ஒருவர்
தாமதமாக
ஒரே ஒருமுறை தட்டினார்.

அதற்குத் தலையசைத்தாள்.

டிரம்ஸ் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தது.
மற்றவர்கள் நாற்காலியை நகர்த்தி
இடம் விட்டதுபோல் வாசித்தார்கள்.

இன்று பதிப்பகத்திலிருந்து கடிதம்.
அச்சுப் பிரதியில் அந்த வரியை எடுத்துவிடலாமா?
பென்சிலால் எழுதியதுதானே,
ஆசிரியரின் கையும் அல்ல,
வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

இன்று திங்கள்.
அடுத்த திங்கள்.