விடை: ஆ

கல்லாவுக்கு மேலே
மெக்கா படத்துக்கும் கொசு பேட்டுக்கும் நடுவில்
ரெண்டு வருஷமாகத் தொங்குகிறது என் முகம்.
'உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர்
கே. தோசராணி.'
தேசராணிதான். அச்சடித்தவன்
ஒரு கால் சேர்த்துவிட்டான்.
அன்றிலிருந்து தோசையே போடாத பிரியாணிக் கடையில்
நான் தோசக்கா.

போன வெள்ளியோடு தேதி முடிந்தது.
சாப்பிட வந்த ஒருத்தரும் பார்க்கவில்லை,
டெலிவரி கம்பெனிக்காரன் பார்த்துவிட்டான்.
"செவ்வாக்கெழம தண்டையார்பேட்டைல க்ளாஸு.
ஒரு எட்டு போய் உக்காந்துட்டு வந்துடும்மா"
என்றார் இதாயத் பாய்.
செவ்வாயில் ஒரே அண்டாதான்.

கல்யாண மண்டபத்து மாடி.
முந்தின நாள் மாலைகள் மூலையில் அழுகிக்கொண்டிருக்க
முப்பது பேர் சுத்தம் படித்தோம்.
காசிமேட்டு வறுவல் கடை, எண்ணூர் கேன்டீன்,
மண்ணடியில் அத்தோ போடும் ஒருவர்;
பேனா இல்லாமல் வந்தவர்கள் பதினொன்று.

"அஞ்சு டிகிரிக்கும் அறுபதுக்கும் நடுவுல
ஆபத்து மண்டலம். அங்கதான் கிருமி பெருகும்"
என்றார் சட்டை மடிப்பு கலையாத சார்.
கரண்டு போயிருந்தது.
தலைப்பால் விசிறிக்கொண்டே எழுதினோம்.
"எங்க தெருவே அந்த மண்டலத்துலதான் சார் கீது"
என்றார் அத்தோக்காரர்.
சாரும் சிரித்துவிட்டார்.

எல்லாம் தெரிந்ததுதான்.
பழைய சரக்கு முன்னால், புதுசு பின்னால்.
மூன்றாவது தடவை காய்ந்த எண்ணெயை
நான் வாசலில் நின்றே மோந்து சொல்வேன்.

பதினாலாவது கேள்வியில் பேனா நின்றது.
காய்ச்சலோடு வரும் பணியாளரை என்ன செய்வீர்கள்?
அ. மாத்திரை கொடுத்து வேலை வாங்குவேன்
ஆ. வீட்டுக்கு அனுப்புவேன்
இ. பாத்திரம் கழுவ விடுவேன்
ஈ. இவை எதுவுமில்லை

ஐப்பசி மழையில் பிபினுக்குக் கண் மஞ்சளாச்சு.
மேற்பார்வையாளர் நான் சொன்னேன்:
வீட்டுக்குப் போ.
தொப்பியைக் கழற்றினான், ஏப்ரனை மடித்துவைத்தான்,
ஏணியைப் பிடித்து ஏறினான்.
அடுப்புக்கு எட்டடி மேலே
சீரகச்சம்பா மூட்டைக்கும் தகரக் கூரைக்கும் இடையே
ஒரு பாய்.
இன்னொரு வீடும் உண்டு அவனுக்கு,
கஞ்சாம் பக்கம்,
ஒரு ராத்திரி ஒரு பகல் ரயிலில்.

எட்டு நாள்.
கீழே தம் போடப் போட
மேலே பலகை கிறீச்சிட்டுப் புரண்டது.
'பணியாளர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்' என்று
ரிஜிஸ்டரில் எழுதினது நான்.
ஆபீசர் அம்மா அந்த வரியில் டிக் போட்டு
'வெரி குட்' என்றார்.
எட்டு நாள் சம்பளம் பிடித்த கணக்கும்
என் கையெழுத்துதான்.

"சம்பளத்தோட அனுப்பணுமா சார்,
இல்லாமலா?"
அவர் திரையைப் பார்த்தார். அடுத்த படத்துக்குப் போய்
மறுபடி பின்னால் வந்தார்.
"அது சிலபஸ்ல இல்லம்மா."

ஆ போட்டேன்.
இருபத்தேழு மார்க், பாஸ்.
புதுச் சான்றிதழ், புது போட்டோ, இன்னும் ரெண்டு வருஷம்.
அதே தோ.

கடைக்குத் திரும்பினால்
பிபின் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.
"பாஸா தோசக்கா?"
கண்ணைத்தான் முதலில் பார்த்தேன். வெள்ளை.
கறிக்குள் குத்தும் தெர்மாமீட்டரைத் துடைத்து எடுத்துக்கொண்டு
இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக
ஏணியில் ஏறினேன்.
நாலாவது படியில் முட்டி வலித்தது.
பாயின் நடுவில் வைத்தேன், எண் ஏறி நிற்கும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தொன்று.

ரிஜிஸ்டரில் ஃப்ரிட்ஜுக்குக் கட்டம் இருக்கிறது,
அண்டாவுக்கு, தண்ணீர் டேங்குக்குக்கூட இருக்கிறது.
இதற்கு இல்லை.
ஓரத்தில் எழுதினேன்:
பரண், மதியம் மூணு மணி, 41.

கீழே கையெழுத்து,
தேசராணி,
கால் இல்லாமல்.