பெத்லகேமில் எழுபத்தொன்பது டிகிரி

பெத்லகேம் என்றால் எல்லோரும் வேறு ஊரை நினைக்கிறார்கள்.
இது ஃப்ரீ ஸ்டேட்.
கடல் மட்டத்துக்கு மேல் ஐயாயிரத்து ஐந்நூறு அடி,
சுற்றிலும் மக்காச்சோளம்,
ஜனவரிப் பிற்பகலில் ஓடுதளம் கானல் காட்டும்.
மெலிந்த காற்று.
இறக்கைக்கும் பற்றாது, எஞ்சினுக்கும் பற்றாது.

ஆகவே டர்போ.
வெளியே போகும் நெருப்பின் முதுகில் ஏறி
உள்ளே வரும் காற்றை நெருக்குகிறோம்.
நெருக்கினால் சூடாகும், யார் கெஞ்சியும் பயனில்லை.
முப்பத்திரண்டில் நுழைந்தது
நூற்றி நான்கில் வெளிவருகிறது.
இன்டர்கூலர் தாண்டியும் எழுபத்தொன்பது.

அறுபதுக்கு மேல் போனால்
தீ வந்து சேருமுன்பே
மூலையில் மிஞ்சிய கலவை தானாக வெடிக்கும்.
பிஸ்டன் எஞ்சின் என்றால் தட்டித் தட்டிச் சொல்லும்.
இது முக்கோணம் சுழலும் எஞ்சின்.
ஒரே தடவைதான் சொல்லும்.
பிறகு முனை சீல் துண்டு துண்டாய்
எக்ஸாஸ்ட் வழியே போய் டர்போவையும் தின்னும்.
போன வருஷத்து சீல் ஒன்று
என் பென்சில் டப்பாவில் கிடக்கிறது,
பிய்ந்த நகம் மாதிரி.

விமானக்காரர் ஸ்வானபூல் சொன்னார்: வாயைப் பெரிதாக வெட்டு.
வெட்டினேன். எழுபத்தொன்பது.
பெரிய கூலர் வாங்கினார். எழுபத்தெட்டு.
ஒரு டிகிரிக்குப் பதினோராயிரம் ராண்ட்.
தண்ணீர் தெளிக்கலாமா என்று அவர் கேட்டபோது
பதில் சொல்லாமல் டீ குடிக்கப் போனேன்.

மொட்லலேபுலா அலுமினியம் வெல்டிங் செய்பவள்.
மழையோடு வந்தவள் என்று பேருக்கு அர்த்தம்;
வேலைக்கு வந்து மூன்று வாரம், ஒரு துளி இல்லை.
மகளின் சிவப்புக் கம்பளி நூலை வெட்டி
கூலரின் முகமெங்கும் ஒட்டினாள், இருபத்துநான்கு வால்.
கவுலிங்குக்குள் ஒரு சின்னக் கேமரா.
சாயங்காலம் லேப்டாப்பில் பார்த்தோம்:
நடுவில் ஆறு நூல் மட்டும் உள்ளே பார்த்துப் படுத்திருந்தன.
மற்றவை சும்மா சுற்றின.
மூலை நூல்கள் வந்த வழியையே பார்த்து நின்றன.

காற்று கூலருக்குள் போகவே இல்லை.
விளிம்பில் விரல் அகலச் சந்து,
அதன் வழியே நழுவிக்கொண்டிருந்தது
சுங்கச் சாவடியைச் சுற்றிப் போகிற லாரி மாதிரி.

அப்பாவிடம் ஒரு லாரி இருந்தது.
டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்கு வாழைப்பழம்.
இந்த மாநிலத்தில் இந்தியர் தங்கக் கூடாது என்று
சட்டம் இருந்த காலம்.
ஹாரிஸ்மித்தில் டயர் வெடித்த ராத்திரி
ரிம்மிலேயே உருட்டி எல்லை தாண்டினாராம்.
பதினெட்டு வருஷம் குறுக்கே போனவருக்கு
இந்த ஊர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இருந்ததில்லை.
வேகமாய்ப் போவது எதையும் வாங்கிக்கொள்ளாது.
இயற்பியலாகத்தான் சொல்கிறேன்.

சந்துகளை சிலிக்கோன் பட்டையால் அடைத்தோம்.
வாய்க்குப் பின்னால் மெல்ல விரியும் புனல் செய்தாள் அவள்,
காற்று நடை தளர்ந்து வந்து கூலரில் சாய்கிற மாதிரி.
பின்னால் வெளிவாசலில் உதடு போல ஒரு தகடு:
போக வழி இருந்தால்தான் அது வரும்.
நான் வெட்டிய வாயைப் பாதிக்கு மேல் மூடினோம்.
ஸ்வானபூலுக்கு அதுதான் வலித்தது.

வியாழக்கிழமை ஏறினார்.
ரேடியோவில் எண்களை வாசித்தார்,
மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவர் போல, ஆனால் இறங்குமுகமாக.
எழுபது. அறுபத்துநான்கு. ஐம்பத்தெட்டு.
அப்புறம் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
மொட்லலேபுலா கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.
ஐம்பத்தொன்று.

இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை நன்றி இல்லை.
எண்ணெய் நூற்றிப் பதினேழு என்றார்.
ஆமாம், வாயை மூடினோமே, எண்ணெய்க்கும் அதே வாய்தான்.

மேற்கே மேகம் கட்டியிருந்தது.
விடுதிக்கு போன் செய்தேன்: இன்னும் மூன்று இரவு தங்குவேன்.
பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள் என்றது குரல்.
படையாச்சி.
ஒவ்வோர் எழுத்தாக,
நிதானமாகச் சொன்னேன்.