காட்

இதற்குப் பகிடிவதை என்று பெயரில்லை.
பகிடிவதை என்பது பதிவாளர் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டிய தாள்:
ஒன்பது கட்டளை, ஒரு தொலைபேசி இலக்கம்,
இலக்கத்தில் கடைசி எண்ணை யாரோ சுரண்டியிருந்தார்கள்.
"இது பழகிற காலம்," என்றார் பிரணவன் அண்ணா.
"ஆறு கிழமை. பிறகு நாங்களே உங்களுக்கு
வெல்கம் வைச்சு, கொத்து வாங்கித் தருவம்."

கிழமைகளுக்கும் பெயர் இருந்தது.
முதலாவது, நிலம். நிமிர்ந்து யாரையும் பார்க்கக் கூடாது.
அறிவியல்நகரின் செம்மண்ணில்
எத்தனை வகைச் செருப்படி உண்டென்று அப்போது படித்தேன்.
இரண்டாவது, பாட்டா.
மூன்றாவதுக்குப் பெயர் வைக்காமலே விட்டிருந்தார்கள்.
எங்கள் பச்சில் இன்றும்
"அந்தக் கிழமை" என்றால் போதும்,
பேச்சு சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும்.

நாலாவதில் காட் விழும்.

விடுதிக்குப் பின்னால், மின்குமிழ் எட்டாத இடம்.
இரணைமடுப் பக்கமிருந்து காற்று.
"பேர்?"
"யதுர்சன், அண்ணா."
"பேர்?"
"யதுர்சன்."
"பேர் என்னடா?"
பதினோராம் தரமோ பன்னிரண்டாம் தரமோ
வாய் தானாக மூடிக்கொண்டது.
"ஆ, மூடி," என்றது இருட்டு.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பிறகு விரிவுரையாளர் வரவு எடுக்கையில்
யதுர்சன் எங்கே என்று
நானும் ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன்.

ஆய்வுகூடத்தில் என் மேசைக்கு வந்தவன் காலிப் பெடியன்.
அவர்களுக்கு அவர்களுடைய அண்ணாமார்,
வேறு மதில், வேறு மொழி, அதே ஆறு கிழமை.
மூடி என்றால் என்னவென்று கேட்டான்.
தண்ணீர்ப் போத்தலைத் திருகிக் காட்டினேன்.
அவன் சிரிக்கவில்லை.
தன்னுடையதற்கு அர்த்தம் சொல்லவுமில்லை.

அம்மாவுக்கும் ஒருகாலம் வேறு பெயர் இருந்தது.
யார் வைத்தது, எத்தனை கிழமை பழக்கினார்கள்,
நான் கேட்டதில்லை.
மல்லாவிச் சந்தையில் ஒருநாள்
பின்னாலிருந்து ஒருத்தி அந்தப் பெயரைக் கூப்பிட்டாள்.
அம்மா திரும்பவில்லை.
தேசிக்காய் பொறுக்கிய கை மட்டும்
கூறின் மேல் அப்படியே நின்றது.
"வா, வெயிலேறுது," என்றாள் பிறகு,
ஒரு தேசிக்காயும் வாங்காமல்.

இன்று நாங்கள் அண்ணாமார்.
பச்சுக்குப் பத்துக் காட் யோசித்து வை என்று
என்னிடம் ஒரு கொப்பித் தாள் தந்திருக்கிறார்கள்.
நாலு எழுதிவிட்டேன்.
மூன்றாவது எனக்கே சிரிப்பு வருமளவுக்கு நல்லது,
மறைக்க மாட்டேன்.

ஏ ஒன்பதில் பஸ் நின்று
ஒருவன் இறங்கினான்.
சூட்கேசின் ஒரு சில்லு உடைந்திருந்தது,
இழுக்க இழுக்க அரைவட்டம் போட்டது.
தாள் என் சட்டைப்பையில்.
"பேர்?" என்றேன்.
சொன்னான்.
இரண்டாம் தரம் கேட்க நாக்கு எழும்பியது,
எனக்கு முன்னமே அது பழகிவிட்டிருந்தது.

பஸ் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை என்று
நினைத்திருப்பான் போல.
சூட்கேசை நிமிர்த்தி வைத்துவிட்டு,
வங்கியில் படிவம் நிரப்புகிறவன் மாதிரி,
தகப்பன் பெயரையும் சேர்த்து,
ஒவ்வோர் எழுத்தாய், உரக்கச் சொன்னான்:

தர்மகுலசிங்கம் மிதுலன்.