நான்காம் சுற்று

மூன்றாண்டுக்கு ஒருமுறை
அக்டோபர் கடைசியில் அழைப்பு வரும்.
முதல் சுற்றில் டார்லீன்
என் பெயரை மூன்று தவணையில் உச்சரித்தாள்:
பூங். கோ. தை.
நடுவில் ஒருமுறை இருமினாள்.

முனைவராகிப் பதினோரு மாதம் அப்போது.
சாஸ்கட்டூனில், இருபதாம் தெருவில்,
ஹீட்டர் சீறும் அடித்தள அறை.
படித்த படிப்புக்கும் பார்க்கும் வேலைக்கும் தொடர்பு உண்டா?
ஆம். ஓரளவு. இல்லை.
மைசூர்ப் பருப்புச் செடியின் வேரழுகல் பற்றி
இருநூற்றுப் பதினெட்டுப் பக்கம் எழுதியவள்
மருந்துக்கடையில் இரவு ஷிப்ட்டில்
அட்டைப்பெட்டி பிரித்துக்கொண்டிருந்தேன்.
ஓரளவு, என்றேன்.
விசைப்பலகையில் ஒரே ஒரு தட்டு கேட்டது.

அடுத்த முறை அழைத்தபோது
ரோஸ்டவுன் தானியக் கிடங்கில் தரம் பார்க்கிறேன்.
லாரி லாரியாக வரும் பருப்பில் ஒரு கை அள்ளி
தட்டில் பரப்பி
சுருங்கியது, உடைந்தது, கறைபட்டது என்று ஒதுக்கி
சதவீதம் எழுதுவேன்.
அது கப்பலேறித் தூத்துக்குடியில் இறங்கி
அக்கா வீட்டுக் குக்கரில்
இரண்டு விசிலுக்குக் குழைந்துவிடும்.
அக்காவுக்கு நான் சயின்டிஸ்ட்.
டார்லீனின் பட்டியலில்
'தொடர்புடைய துறை, ஆய்வு அல்லாத பணி'.
இரண்டிலும் பொய்யில்லை.

மணவாழ்க்கைக்கு ஐந்து கட்டங்கள் இருந்தன.
அவன் கால்கரிக்கு வேலை மாறியதற்கு,
சனிக்கிழமை மட்டும் பேசியதற்கு,
பிறகு சனிக்கிழமையும் சும்மா கடந்துபோனதற்கு
எந்தக் கட்டம்?
"நிதானமாச் சொல்லுங்க" என்றாள்.
அவள் பக்கத்தில் யாரோ பாத்திரம் தேய்த்தார்கள்.
அப்படியானால் வீட்டிலிருந்துதான் அழைக்கிறாள்.

மூன்றாம் சுற்றுக்குள் நான் அவளுக்கு வெறும் கோதை.
எங்களோடு முடித்த பதினாறு பேரும்
எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன்.
சொல்ல அனுமதியில்லை என்றவள்
குரலைத் தாழ்த்தி,
"ஒருத்தர் மட்டும் ஒவ்வொரு கேள்விக்கும் சிரிப்பார்."
டேயோ.
உயிரோடு, சிரிப்போடு, எங்கோ.
அது போதுமாயிருந்தது.

அப்பா போய் ஒன்பதாம் நாள் அது.
டிக்கெட் கிடைக்கவில்லை.
அதற்குப் படிவத்தில் கேள்வி ஏதும் இல்லை,
ஆனாலும் சொல்லிவிட்டேன்.
கடைசியில் 'பிற கருத்துகள்' என்று ஓர் இடம் உண்டு,
எழுதிக்கொள்ளவா என்றாள்.
வெகுநேரம் தட்டினாள்,
நான் சொன்னதைவிட நீளமாக.

இந்த ஆண்டு ஒரு பையன்.
என் பெயரைப் பிசிறில்லாமல் சொன்னான்.
டார்லீன்?
அவர் இப்போது இந்த ஆய்வில் இல்லை.
எங்கே போனார்?
அந்தத் தகவலை நாங்கள் சேகரிப்பதில்லை, மேடம்.

என்னிடம் கொஞ்சம் இருக்கிறது, தம்பி.
மூன்று சுற்றிலும் இருமல்,
கடைசியில் கொஞ்சம் அதிகம்.
கதவு திறந்தால் குரைக்கும் ஒரு நாய்.
இரண்டாம் சுற்றில் இருந்த பாத்திரச் சத்தம்
மூன்றாவதில் இல்லை.
அதைப் பற்றி நான் கேட்கவுமில்லை.

ஆம், ஓரளவு, இல்லை
என்று அவன் மறுபடி வாசித்தான்.
எடைமேடையில் லாரியொன்று ஏறி நின்று
ஹாரன் அடித்தது.
முள் ஆடி அடங்கும்வரை
பொறுங்கள் என்றேன்,
இருவரிடமும்.