அறுபது கிலோ மனிதர்

கேத்திக்குக் கீழே
கேரட் கழுவும் ஓடையில்
மூன்று புட்டிகள் நிரப்பினேன்.
நாலாவது கைதவறி
நுரையோடு உருண்டு போனது.

சூத்திரத்துக்குள் ஒரு மனிதர் இருக்கிறார்.
எடை அறுபது கிலோ.
நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் குடிப்பார்.
எழுபது வருடம் இருப்பார்.
கையுறையைக் கழற்றவே மாட்டார்.

கையுறை போட்டால் கேரட் வழுக்குது
என்றாள் புஷ்பராணி.
முழங்கை வரை தண்ணீர்,
விரலிடுக்கில் வெளுத்த புண்.
எடை கேட்டேன்.
மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றாள்,
ஈரப் பாவாடையோடு:
நாற்பத்தொன்று.

தவளைச் சத்தம் எப்போது நின்றது?
படிவத்தில் இல்லாத கேள்வி.
"பெரியவன் அஞ்சாவது படிக்கையில...
இல்ல, அதுக்கும் முந்தி.
நின்னப்ப யாரு கவனிச்சா?"

ஆய்வறையிலிருந்து தாள் வந்தது.
தண்ணீரில் மருந்து
(மருந்து என்றுதான் சொல்கிறோம், எல்லோரும்)
வரம்புக்குள் இருக்கிறது.
அறுபது கிலோ மனிதருக்கு
ஒன்றும் ஆகாது.

அறுபதை அடித்துவிட்டு
நாற்பத்தொன்று என்று எழுதினேன்.
கணக்கு வேறு மாதிரி வரத் தொடங்கியது.
பேனாவை நிறுத்தினேன்.
ஈரத்துணிக்கு
எவ்வளவு கழிப்பது?