ஆண்கள் பட்டியல்

ஊட்டி ஆவண அறையில்
ஜன்னல் இல்லாத மூலையில் மேசை கொடுத்தார்கள்.
பென்சில் மட்டும், என்றார் காப்பாளர் ஹாலன்.
கட்டைப் பிரிக்கும்போது மூச்சு படக் கூடாது,
ஏற்கெனவே பாதியைப் பூச்சி படித்துவிட்டது.

மின்வாரியத்தில் கணக்கெடுப்பவள் நான்.
மேடேறிப் போய் வீட்டில் ஆளில்லை என்றால்
'கதவு பூட்டியுள்ளது' என எழுதி
போன தடவை எண்ணையே மறுபடி போட்டிருக்கிறேன்.
ஆகவே பேரேடு எழுதுகிறவர்களை
எனக்குக் கொஞ்சம் தெரியும்.

தேடி வந்த பெயர் சிலம்பாயி.
கோயில் வரி நோட்டில் நாங்கள்
இன்றும் 'சிலம்பாயி வகையறா'.
அவ்வளவுதான். படமில்லை, நடுகல் இல்லை,
அவளைப் பற்றி ஒரு பொய்கூட மிச்சமில்லை.

பெண்கள் பட்டியலில் மூன்று நாள்.
மாரி, காளி, இன்னொரு மாரி, நொண்டி மாரி,
பெயர் கேட்கப்படாத 'ரங்கன் பெண்சாதி',
'மேற்படியான் தங்கை'.
சிலம்பாயி இல்லை.

நாலாம் நாள் சலிப்பில்
ஆண்கள் பட்டியலைப் புரட்டினேன்.
கோத்தகிரிப் பக்கம், மெக்ராத் துரையின் காப்பித் தோட்டம்,
தாது வருஷப் பஞ்சம்
அவிநாசிச் சனத்தை மலைக்கு விரட்டிய சமயம்.

எண் 112. சிலம் பாய்.

பாய். படுக்கிற பாய் இல்லை,
இங்கிலீஷ் பாய். பையன்.
குமாஸ்தாவின் காதில் அப்படி விழுந்திருக்கிறது,
தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.
கூலி நாலணா.
பெண்ணாளுக்கு இரண்டரை.

ஏழு மாதம் மாதத்துக்கு இருபத்தாறு நாள்
மேட்டுப்பாளையம் இறக்கத்தில் காப்பி மூட்டை.
எங்கள் வகையறா நாலணாவுக்குச் சாப்பிட்டது.
தெரிந்தே வாயை மூடிக்கொண்டாளா,
ஆண்கள் வாங்குவதைத்தான் எல்லாரும் வாங்குகிறார்கள்
என்று நினைத்தாளா,
தெரியாது.

எட்டாம் மாதம் சிவப்பு மை.
எண் 112க்குப் பிள்ளை பிறந்திருக்கிறது.

பேரேடு என்ன செய்யும், பாவம்.
அடித்து, பெண்கள் பக்கம் ஏற்றி,
'கூடுதலாகப் பெற்றது ரூபாய் பதினெட்டு,
பிடித்தம் செய்க' என்று
கையெழுத்திட்டிருக்கிறது.
நாளுக்கு ஒன்றரை அணா, நூற்றெண்பத்திரண்டு நாள்.
மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.
பதினேழு ரூபாய் ஓரணாதான் வருகிறது.

அடுத்த கட்டு, குன்னூர் மாஜிஸ்திரேட் கோர்ட்.
'பிராது கொடுத்தவள் கைக்குழந்தையுடன் ஆஜர்.'
அவள் தமிழில் சொன்னதை
துபாஷி இங்கிலீஷில் எழுதியிருக்கிறார்:
சுமை குறைவாக இருக்கவில்லை என்று கூறுகிறாள்.

இதை நான் திரும்பத் தமிழாக்க வேண்டும்.
'சொமெ கொறயலீங்க.'
இல்லை, கோர்ட்டுக்கு ஏறினவள் இப்படிப் பேசமாட்டாள்.
'பொம்பளைன்னு மூட்டை எளச்சுதுங்களா?'
இருக்கலாம்.
ஆனால் அந்த 'ங்க'?
துரை முன்னால் அதைப் போட்டாளா, விட்டாளா?
இங்கிலீஷில் அதற்கு இடமே இல்லை.
நூற்றைம்பது வருஷம் கழித்து
ஓர் எழுத்தரை எழுத்துக்காக
ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

அதற்கும் கீழே:
'இங்கு அவள் சொன்ன சில வார்த்தைகள்
மொழிபெயர்க்கத் தக்கவை அல்ல.'
பிறகு ஒரு கோடு, விரல் நீளம்.
அபராதம் எட்டணா.

சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
ஹாலன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
'ங்க' போடவில்லை. நிச்சயமாகப் போடவில்லை.

தீர்ப்புப் பக்கம் சல்லடை.
'தள்ளுபடி'யா 'தரவும்'ஆ,
தோட்டத்துக்குச் சாதகமாய் முடிந்திருக்கும்
என்றுதான் மனம் சொல்கிறது,
ஆனால் பூட்டிய கதவுக்குப் பழைய எண் போடுகிற
மனம்தானே அது.

கிளம்பும்போது ஒரு படிவம் நீட்டினார்.
தேடியவருடன் உறவுமுறை:
பாட்டி, பூட்டி, ஓட்டி,
விரல் மடக்கி அதற்கு மேலும் ஒன்று வேண்டியிருந்தது,
'வகையறா' என்று எழுதினேன்.
குறிப்புகள் ஏதேனும்:
பதினைந்து அணா இன்னும் பாக்கி.

ஹாலன் படித்தார்.
பதிவேட்டில் அப்படியெல்லாம் எழுதக் கூடாதும்மா என்று
இழுப்பறையில் ரப்பரைத் தேடினார்.
கிடைக்கவில்லை.
கோத்தகிரி கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.