இரண்டாம் பூச்சுக்குப் பிறகு

வெளிச்சுவர் எங்கள் கையில் இல்லை.
பதினெட்டு வீட்டுக்காரரும் மொட்டைமாடியில் கூடி
பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்து
ஒன்றரை மணித்தியாலம் சண்டை பிடித்தோம்.
பர்ஸானா பச்சை என்றாள்.
திருமதி அருளம்பலம், மேற்குப் பார்த்த சுவருக்கு நீலந்தான் என்றார்.
பெர்னாண்டோ மாஸ்டர் கேட்டார்:
இந்த உப்புக்காற்றில் எந்த நிறம்
மூன்று வருசம் நின்றிருக்கிறது?
ஒருவரிடமும் பதில் இல்லை.
கடைசியில்
ஒருவருக்கும் பிடிக்காத சாம்பல்
ஏகமனதாக நிறைவேறியது.
பிறகு தேத்தண்ணி வந்தது.

வெள்ளவத்தையில் கடலோரக் கட்டிடங்கள்
எப்படி ஒரே நிறமாகின்றன என்று
அன்றுதான் விளங்கியது.

உள்சுவர் என் பாடு.
என் பாடு என்றால்
என்னுடையதும், தோஹாவில் இருக்கிற தயாபரனுடையதும்.
கடன் கட்டுகிறவர் அவர்.
இந்த வீட்டில் அவர் படுத்தெழும்பியது
மொத்தம் நாற்பத்தொரு இரவு.

காலி வீதிக் கடையில் தந்த அட்டையை
விசிறிபோல விரித்தால்
வெள்ளையில் மட்டும் முப்பத்தேழு.
எல்லாவற்றுக்கும் சீமைப் பேர்:
பனிமலை, முத்து,
யாரோ ஒரு சீமாட்டியின் கையுறை.
எனக்கு விளங்குகிற மாதிரி
பென்சிலால் பேர் மாற்றினேன்.
வடித்த கஞ்சி.
தேங்காய்ச் சொட்டின் உட்பக்கம்.
தோய்த்துத் தோய்த்து நைந்த பள்ளிக்கூடச் சட்டை.
ஆஸ்பத்திரி.

படம் எடுத்து அனுப்பினேன்.
"மஞ்சள் நல்லாயிருக்கு" என்றார்.
நான் அனுப்பியதில் மஞ்சளே இல்லை.

நிமல்சிறி வந்து ஹோல் சுவரில்
ஒரு சாண் அகலத்தில் ஆறு சதுரம் பூசிவிட்டுப் போனான்.
மணிக்கு ஒரு படம் அனுப்பினேன்.
காலையில் ஆறும் ஆறாக இருந்தன.
மத்தியானம் நான்கு.
ஐந்தரைக்குக் கடல் பக்கத்து வெயில் உள்ளே புகுந்து
எல்லாவற்றையும் பப்பாசிப்பழம் ஆக்கியது.
"இதுதான், இதையே அடி" என்றார்.
அதை வாளியில் விற்கிறார்களா என்று
நான் கேட்கவில்லை.

இரவு, கரண்ட் போன நேரம், திரும்ப எடுத்தார்.
"கல்யாணம் முடிஞ்ச கிழமை
கொடியில காயப்போட்டியே ஒரு சட்டை.
ஒரு பக்கம் மட்டும் வெயிலில வெளுத்தது.
அந்த வெளுத்த பக்கம். அந்த மஞ்சள்."

அந்தச் சட்டை இப்போது அடுப்படித் துணி.
கறை படாத மூலையொன்று தேடி வெட்டி
கடைக்குக் கொண்டுபோனேன்.
நிறம் பார்க்கிற மெஷின் அதை
கண் மூடித் திறக்கிற நேரம் யோசித்துவிட்டு
ஓர் எண்ணைத் துப்பியது.
எட்டு வருசத்தில் ஒருவரும் என்னை
அவ்வளவு சரியாகக் குறித்துக்கொண்டதில்லை.
நான்கு லீற்றர் வாங்கினேன்.

சுவரில் அது படுமோசம்.
காய்ச்சல்காரன் கண்ணைப் போல.
நிமல்சிறி, உடைந்த தமிழில், தூரிகையை உதறிக்கொண்டு:
"மிஸ்ஸி, ரெண்டாவது அடிச்சாத்தான்
சுவர் உண்மை சொல்லும்."
இரண்டாவதும் அடித்தான்.
சுவர் உண்மை சொன்னது.

விடிய ஐந்து மணிக்குக் கண் விழித்து
தனியே அதைப் பார்க்கப்போவது நான்.
நாற்பத்தொரு இரவுக்காரர் அல்ல.
"எல்லாத்துக்கும் கஞ்சி" என்றேன்.
நிமல்சிறிக்கு விளங்கவில்லை. அட்டையில் தொட்டுக் காட்டினேன்.

ஆனாலும் மிச்ச மஞ்சளைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.
படுக்கையறையில் அலுமாரியை
நிமல்சிறியும் கூட வந்த பொடியனும் நகர்த்தினார்கள்.
பின்சுவர் முழுக்க, மூலைக்கு மூலை,
இரண்டு பூச்சு.
காய்ந்ததும் அலுமாரி
பழைய இடத்துக்கே போய்விட்டது.
பொடியன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.
காசு கொடுத்து அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை வீடியோவில் வீடு முழுக்கக் காட்டினேன்.
குசினி, ஹோல், கழுவிய ஜன்னல்,
ஜன்னலில் கொஞ்சம் கடல்.
"எல்லாம் வெள்ளையாக் கிடக்கு.
மஞ்சள் எங்க?"

போனைத் திருப்பி அலுமாரியைக் காட்டினேன்.

"அது அலுமாரி."

"ஓம்" என்றேன். "வந்து தள்ளிப் பாருங்கோ.
எனக்குத் தனியத் தள்ள ஏலாது."